மரக் கோஸ்டர் தகராறு செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

தீம் பார்க் கேம்களில் மர ரோலர் கோஸ்டர் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். கோளாறு எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறதோ அந்த இடத்தையே நோண்டுகிறார்கள். ரயில் மூன்றாவது மேட்டில் நின்றுவிட்டால் மூன்றாவது மேட்டை இடித்துக் கட்டுவது, வளைவு சிவப்பானால் (விசை எல்லை மீறுகிறது என்று கேம் காட்டும் நிறம்) வளைவை மட்டும் சாய்ப்பது. காரணம் அங்கே இருப்பது அபூர்வம். அதற்கு முன்னால் 50, 100 மீட்டர் தள்ளித்தான் இருக்கும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் ட்ராக்கில் பின்னோக்கிப் போய்ப் பார்க்கும் வரிசையையே கொடுத்திருக்கிறோம்.

பேச ஒரு பொது உதாரணம் வேண்டும். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை அடிவாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் மொட்டைப் பாறை, அதன் கீழே உருண்டைக் கற்கள், அப்புறம் மாந்தோப்பு, தள்ளி கே.ஆர்.பி. அணை மாதிரி ஒரு நீர்ப்பரப்பு. இந்தத் தரையில் லிஃப்ட் (ரயிலைச் செயின் மேலே இழுக்கும் ஏற்றம்) உச்சி 28 மீட்டர், முதல் பள்ளத்தின் அடி 3 மீட்டர், ஆக முதல் இறக்கம் 25 மீட்டர். மொத்த ட்ராக் நீளம் 900 மீட்டர். 24 பேர் உட்காரும் ரயில், நீளம் சுமார் 15 மீட்டர். நடுத்தர அளவுள்ள மரக் கோஸ்டருக்கு இது நியாயமான கணக்கு.

கேம்களைப் பொறுத்தவரை, ரோலர்கோஸ்டர் டைக்கூன் 2 (சுருக்கமாக ஆர்சிடி 2), ஓப்பன்ஆர்சிடி2, பார்க்கிடெக்ட் மூன்றும் கட்டம் கட்டமாகத் துண்டு சேர்ப்பவை. பிளானட் கோஸ்டரில் ட்ராக்கை இஷ்டத்துக்கு இழுக்கலாம், வளைக்கலாம். நோலிமிட்ஸ் 2 கிட்டத்தட்ட எஞ்சினியர் மென்பொருள். இயற்பியல் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், மெனு மட்டும்தான் வேறு.

"ரெண்டாவது மேடு ஏறாம பின்னாடி வருது"

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ரயில் எத்தனை மீட்டர் கீழே இறங்கியதோ அதை 19.6 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். வினாடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்று வரும். அதை 3.6 ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர். 25 மீட்டர் இறக்கத்துக்கு வினாடிக்கு 22 மீட்டர் சொச்சம், அதாவது மணிக்கு 80 கி.மீ. உரசல், காற்று எல்லாம் போக பள்ளத்தின் அடியில் 77 வந்தால் சரி.

டெஸ்ட் ஓட்டத்தில் அந்த இடத்தின் வேகத்தைப் பாருங்கள். 70க்கும் கீழே இருந்தால் கோளாறு இறக்கத்திலேயே இருக்கிறது. வேறு ட்ராக்கிலிருந்து நகல் எடுத்தபோது ஒரு பிரேக் துண்டு கூடவே வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது லிஃப்டுக்கும் இறக்கத்துக்கும் நடுவே நீளமான திருப்பம் வைத்து, அதன் உரசலிலேயே கொஞ்சம் சக்தி முன்கூட்டியே செலவாகியிருக்கலாம். அந்தத் திருப்பம் இருந்தால் குட்டையாக வையுங்கள்.

வேகம் சரியாக இருக்கிறது, ஆனாலும் மேடு ஏறவில்லை என்றால் உங்கள் கேம் எவ்வளவு சக்தியைத் தின்கிறது என்று அளந்துவிடுவது நல்லது. ஒரே உயரத்தில் உள்ள இரண்டு பள்ளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் வினாடிக்கு 21.5 மீட்டர், 130 மீட்டர் தள்ளி இரண்டாவதில் 20.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கி 19.6 ஆல் வகுத்தால் 23.6, 21.65 என்று வரும். வித்தியாசம் ஏறக்குறைய 2 மீட்டர். 130 மீட்டர் ஓட்டத்துக்கு 2 மீட்டர் உயரம் காலி என்றால் 100 மீட்டருக்கு 1.5 மீட்டர். இதுதான் உங்கள் ரயிலின் செலவு விகிதம். கேமுக்கு கேம், ரயிலுக்கு ரயில் மாறும், ஆகவே அடுத்தவர் சொன்ன எண்ணை வாங்கிப் போடாதீர்கள்.

இந்த விகிதம் கையில் வந்தபிறகு முழு ட்ராக்கையும் காகிதத்திலேயே சோதித்துவிடலாம். 900 மீட்டருக்கு 13.5 மீட்டர் செலவு. 28லிருந்து கழித்தால், கடைசியில் ரயிலிடம் மிஞ்சுவது 14.5 மீட்டர் உயரத்துக்கான சக்தி. அப்படியானால் கடைசி மூன்றில் ஒரு பங்கில் 12 மீட்டருக்கு மேல் எந்த மேடும் வைக்கக் கூடாது. இரண்டாவது மேடு 18 மீட்டர், மூன்றாவது 15, அதற்கடுத்தவை 12, 10, 8 என்று இறங்கிக்கொண்டே போவதுதான் மரக் கோஸ்டரின் இயல்பான உருவமும் கூட. எல்லா மேடும் ஒரே உயரத்தில் இருக்கிற மரக் கோஸ்டரைப் பார்த்தாலே பொய் என்று தெரிந்துவிடும்.

சரி செய்யும்போது மேட்டைக் குறையுங்கள், லிஃப்டை உயர்த்தாதீர்கள். லிஃப்டை 4 மீட்டர் உயர்த்தினால் அந்த மேடு ஏறிவிடும், உண்மைதான். கூடவே ஒவ்வொரு பள்ளத்திலும் வளைவிலும் வேகம் கூடி, நேற்று வரை பச்சையாக இருந்த பத்து இடம் சிவப்பாகும். மேட்டை 2 மீட்டர் இறக்கிவிட்டு டெஸ்ட் பண்ணுங்கள், போதாவிட்டால் இன்னொரு 1 மீட்டர்.

மேடு ஏறி முடித்தும் உச்சியில் ஊர்ந்து போகிற மாதிரி தெரிந்தால், காலி ரயிலையும் நிறைந்த ரயிலையும் தனித்தனியே பாருங்கள். எடை கூடினால் ரயில் தன் வேகத்தைக் கொஞ்சம் நன்றாகவே காப்பாற்றும். நிஜ பார்க்குகளிலும் காலையில் காலியாக விடும் சோதனை ரயில் மெதுவாகவும், சக்கரமும் பேரிங்கும் சூடான பிற்பகல் ரயில் வேகமாகவும் ஓடும். காலி ரயில் உச்சியை மணிக்கு 15 கி.மீ.க்குக் குறையாமல் கடந்தால் பயமில்லை.

தரை சரிவாக இருந்தால் ஒரு லாபம் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோவில் கிங்ஸ் ஐலண்ட் பார்க்கில் 1979இல் திறந்த 'தி பீஸ்ட்' 2.2 கி.மீ.க்கு மேல் நீளம். அதில் லிஃப்டின் உயரத்தைவிட இறக்கத்தின் ஆழம் அதிகம், ஏனென்றால் ட்ராக் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. நம் பாறை அடிவாரத்திலும் இதைச் செய்யலாம். லிஃப்டைச் சரிவின் மேல்பக்கம் வையுங்கள், முதல் இறக்கத்தை மாந்தோப்புப் பக்கம் விடுங்கள். ட்ராக்கைத் தாங்கும் சப்போர்ட்டின் செலவும் குறையும்.

"பள்ளத்தோட அடியில ஜி சிவப்பாகுது"

ஜி என்பது உடம்பு உணரும் விசை, 1 ஜி என்றால் நம் சாதாரண எடை. அது எல்லை மீறுவது ஆரத்தின் கோளாறு, உயரத்துடையது அல்ல. வினாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் பள்ளத்தின் ஆரம் 20 மீட்டர் இருந்தால் உட்கார்ந்திருப்பவருக்கு 3.5 ஜி. அதே வேகத்தில் 12 மீட்டர் ஆரமாகச் சுருக்கினால் 5ஐத் தாண்டும். மரக் கோஸ்டருக்கு 3.5 நல்ல எல்லை. கட்டம் கட்டும் கேம்களில் ஆரத்தை நேரடியாக மாற்ற முடியாது. அங்கே செங்குத்துச் சரிவிலிருந்து சமதளத்துக்குத் தாவாமல், நடுவில் சாதா சரிவு ஒன்றிரண்டு கட்டம் சேர்த்தால் போதும்.

"வளைவுல பக்கவாட்டு ஜி கூடுது, குறைச்சா ஸ்டீல் கோஸ்டர் மாதிரி ஆயிடுது"

இரண்டு பாதியும் நியாயமான புகார். மரக் கோஸ்டரில் பக்கவாட்டு விசை கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்வதும் தோள் இடிப்பதும் அந்த ரைடின் குணம். அதைப் பூஜ்யமாக்கினால் மரத்தோற்றம் போட்ட ஸ்டீல் கோஸ்டர்தான் மிஞ்சும்.

மணிக்கு 54 கி.மீ. வேகம், 25 மீட்டர் ஆரமுள்ள வளைவு என்று வைத்துக்கொள்வோம். சாய்வே இல்லாவிட்டால் பக்கவாட்டில் 0.92 ஜி. 20 பாகை சாய்த்தால் 0.52. 30 பாகைக்கு 0.3. கிட்டத்தட்ட 43 பாகையில் பூஜ்யம். நம் தேர்வு 30. உடம்பு தள்ளப்படும், ஆனால் யாரும் திட்ட மாட்டார்கள். பழைய காலத்துக் கோஸ்டர் மாதிரி கரடுமுரடாக வேண்டுமென்றால் 20க்கு இறங்கலாம், அப்போது அந்த வளைவைக் குட்டையாக வையுங்கள். விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்காவின் ஹாலிடே வேர்ல்ட் பார்க்கில் 2006இல் வந்த 'தி வாயேஜ்' 90 பாகை சாய்ந்த திருப்பங்களைக் கொண்டது. ஆனால் முதல் கோஸ்டரிலேயே அதைப் பின்பற்றாதீர்கள்.

சாய்வு ஆரம்பிக்கும் இடம் முக்கியம். வளைவு தொடங்கிய பிறகு சாய்வு தொடங்கினால் முதல் அரை வினாடி முழு 0.92 ஜி இடிக்கும், வரைபடத்தில் ஊசி மாதிரி ஒரு முனை தெரியும். வளைவின் சராசரி நன்றாக இருந்தும் நுழைவில் மட்டும் சிவப்பு என்றால் காரணம் இதுதான். சாய்வை வளைவுக்கு 8, 10 மீட்டர் முன்பே தொடங்கி, வளைவு முழு ஆரத்தை எட்டும்போது 30 பாகையும் முடிந்திருக்கும்படி பரப்புங்கள். 0லிருந்து 30க்குப் போக ஒரு வினாடியாவது வேண்டும், இந்த வேகத்தில் அது 15 மீட்டர். நோலிமிட்ஸ் 2இல் இதை ரோல் பாயிண்ட்களை (சாய்வைக் குறிக்கும் புள்ளிகளை) தள்ளி வைத்துச் செய்யலாம். பிளானட் கோஸ்டரில் நுழைவின் இரண்டு மூன்று துண்டுகளைத் தேர்ந்தெடுத்துச் சாய்வை மட்டும் ஸ்மூத் செய்தால் போதும். முழு ட்ராக்கையும் ஸ்மூத் செய்யும் பொத்தானை அழுத்தினால் மேடுகளும் சப்பையாகிவிடும்.

ஆர்சிடி 2, ஓப்பன்ஆர்சிடி2 இரண்டிலும் சாய்வு உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைதான். அங்கே கையில் இருப்பது இரண்டு ஆயுதம்: பெரிய ஆர வளைவுத் துண்டு, வளைவை உயரமான இடத்தில் வைப்பது. உயரத்தில் வேகம் குறைவு, வேகம் பாதியானால் பக்கவாட்டு விசை நாலில் ஒன்று. அந்த கேம் ஒவ்வொரு ரைடுக்கும் சுவாரசியம், தீவிரம் என்று மதிப்பெண் போடும். பக்கவாட்டு ஜி 2.8ஐத் தாண்டினால் தீவிர மதிப்பெண் ஒரே அடியாக ஏறும், 3.1ஐத் தாண்டினால் சுவாரசிய மதிப்பெண் பாதியாகும். ஒரே ஒரு வளைவு செய்த தப்புக்கு முழு ரைடும் தண்டனை வாங்கும். ஆகவே மொத்த மதிப்பெண் ஏன் மோசம் என்று தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது அதிகபட்சப் பக்கவாட்டு ஜி என்ற ஒரு வரிதான்.

"மேட்டு உச்சியில வயித்துல ஒண்ணும் ஆகல"

அதாவது எடையின்மை கிடைக்கவில்லை. 18 மீட்டர் மேட்டு உச்சியை ரயில் வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் கடந்தால், உச்சியின் ஆரம் 25 மீட்டராக இருக்கையில் 0.4 ஜி. உடம்பு லேசாகும், அவ்வளவே. 15 மீட்டருக்குச் சுருக்கினால் பூஜ்யம். 10 மீட்டராக்கினால் மைனஸ் 0.5, இருக்கையை விட்டு எழும்பிப் பாதுகாப்புக் கம்பியில் தொடை இடிக்கும். மைனஸ் 0.3க்கும் மைனஸ் 0.7க்கும் இடையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆரம் சரியாக இருந்தும் உணர்வு வராததற்கு ஒரு பொதுவான காரணம், உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சமதளத் துண்டு. ஏற்றத்தையும் இறக்கத்தையும் இணைக்கப் போட்ட 4 மீட்டர் நேர்த்துண்டு முழு மேட்டையும் கெடுத்துவிடும். எடுத்துவிடுங்கள். இன்னொன்று, எந்தப் பெட்டியின் வரைபடத்தைப் பார்க்கிறீர்கள் என்பது. இறக்கத்தில் கடைசிப் பெட்டியை முன்பெட்டிகள் இழுத்துத் தள்ளும், அதனால் அங்கே விசை அதிகம். நடுப்பெட்டியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கடைசி வரிசைக்காரர் பாடு திண்டாட்டம். முதல் பெட்டி, கடைசிப் பெட்டி இரண்டையும் பாருங்கள்.

ரயில் எடை இழந்தும் ட்ராக்கிலிருந்து கழலாததற்குக் காரணம் ட்ராக்கின் அடியில் ஓடும் சக்கரம். ஜான் மில்லர் 1919இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. மேலே ஓடும் சக்கரம், பக்கத்தில் அணைக்கும் சக்கரம், அடியில் பிடிக்கும் சக்கரம் என்று மூன்று வகை. அடிச் சக்கரம் வருவதற்கு முந்தைய வகை ஆர்சிடி 2இல் 'சைடு ஃப்ரிக்ஷன்' என்று தனி ரைடாக இருக்கிறது, இதமான சரிவுகளுக்கு மட்டுமே. மெனுவில் அவசரமாக அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, செங்குத்துச் சரிவுத் துண்டே கிடைக்கவில்லை என்று தேடுகிறவர்கள் உண்டு.

மதிப்பெண் சம்பந்தமாக ஆர்சிடி 2இல் இன்னொரு ரகசியம். அங்கே மரக் கோஸ்டருக்குக் குறைந்தபட்சத் தகுதிகள் உண்டு: 370 மீட்டர் நீளம், இரண்டு இறக்கம், எங்காவது ஓரிடத்தில் செங்குத்து ஜி 0.10க்கும் கீழே. இவற்றில் ஒன்று தவறினாலும் மதிப்பெண்கள் பாதியாக வெட்டப்படும். நன்றாக ஓடுகிற ரைடு காரணமே இல்லாமல் மட்டமான எண் காட்டினால் இந்தப் பட்டியலைச் சரிபாருங்கள்.

"ட்ராக் நெளிநெளியா இருக்கு, ரயில் குதிச்சுக் குதிச்சுப் போகுது"

சின்னச் சின்னத் துண்டுகளால் வரும் வியாதி. இழுத்து வளைக்கும் கேம்களில் இரண்டு மீட்டர் துண்டுகளாக அடுக்கினால் ஒவ்வொரு மூட்டிலும் சரிவு கொஞ்சம் மாறும். வேகம் குறைவான இடத்தில் தெரியாது, 70 கி.மீ.யில் தெரியும். ஒரு மேட்டுக்கு ஐந்து அல்லது ஆறு துண்டு போதும். துண்டு நீளத்தை ஒரே அளவில் வைத்து, அப்புறம் ஸ்மூத் செய்யுங்கள். நோலிமிட்ஸில் ட்ராக்கை வளைக்கும் புள்ளிகளைக் குறையுங்கள். மரக் கோஸ்டருக்குச் சொரசொரப்பு வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் அது சத்தத்திலும் ரயில் ஆட்டத்திலும் வர வேண்டியது, கோணல் ட்ராக்கில் அல்ல.

"ஸ்டேஷனுக்குள்ள பாய்ஞ்சு வருது"

தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிக்காரருக்குத் தெரிந்த விஷயம்தான் இது: கடைசியில் ஒரே மிதியில் நிறுத்தலாம் என்று நினைத்தால் முடியாது, மேலிருந்தே வேகத்தைக் கட்டிக்கொண்டு வர வேண்டும். கேமில் எல்லாரும் ஸ்டேஷன் வாசலில் ஒரே ஒரு பிரேக் துண்டு வைத்துவிட்டு ஏமாறுகிறார்கள்.

நம் உதாரணத்தில் கடைசியில் மிஞ்சுவது 14.5 மீட்டர் சக்தி. பிரேக் பகுதி தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் அங்கே வேகம் வினாடிக்கு 13.6 மீட்டர், கிட்டத்தட்ட மணிக்கு 49 கி.மீ. உட்கார்ந்திருப்பவர் முகம் முன்கம்பியில் மோதாமல் 0.3 ஜி அளவில் நிறுத்த 31 மீட்டர் வேண்டும். அதன்மேல் ரயில் நீளம் 15 மீட்டர், ஏனென்றால் ரயில் முழுவதும் அந்தப் பகுதிக்குள் அடங்கி நின்றால்தான் அடுத்த ரயிலுக்கு வழி விடும். ஆக 46, தாராளமாக 50 மீட்டர் நேர் ட்ராக். இடம் இல்லையென்றால் பிரேக் பகுதியை மேலே தூக்குங்கள். 9 மீட்டர் உயரத்தில் வைத்தால் வேகம் 37 கி.மீ.தான், நிறுத்த 18 மீட்டர் போதும்.

காந்த பிரேக் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேகம் குறையக் குறைய காந்தத்தின் பிடியும் குறையும், அதனால் ரயிலை முழுதாக நிறுத்தாது. கடைசியில் உராய்வு பிரேக்கோ, டயர் வைத்துத் தள்ளும் ட்ராக்கோ கட்டாயம் வேண்டும். டயர் ட்ராக் இருந்தால் நின்ற ரயிலை ஸ்டேஷனுக்குள் நகர்த்தவும் ஆகும். இல்லையென்றால் பிரேக் பகுதிக்கு ஒன்றிரண்டு பாகை சரிவு கொடுங்கள். "பிரேக்ல நின்னது நின்னபடி" என்ற புகாருக்கு மருந்தும் இதே.

"ரெண்டாவது ரயில் லிஃப்ட்லயே நின்னுடுது"

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. பிளாக் என்பது ஒரு நேரத்தில் ஒரே ரயில் இருக்கக்கூடிய பகுதி. பிளாக்குகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் வருவது அதிகபட்ச ரயில்கள். ஸ்டேஷன், லிஃப்ட், கடைசி பிரேக் என்று மூன்று பிளாக் இருந்தால் இரண்டு ரயில். மூன்று வேண்டுமென்றால் நடுவே இன்னொரு பிளாக் பிரேக் வைக்க வேண்டும். 900 மீட்டர் மரக் கோஸ்டருக்கு அது தேவையில்லை, ஓட்டத்தின் வேகத்தையும் அது அறுத்துவிடும்.

இரண்டு ரயில்தான், ஆனாலும் லிஃப்ட் உச்சியில் நிற்கிறது என்றால் ஸ்டேஷனில் ஏற்றி இறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். முதல் ரயில் ட்ராக்கை 70 வினாடியில் முடிக்கிறது, ஸ்டேஷனில் நிற்கும் நேரத்தை 120 வினாடி என்று வைத்திருக்கிறீர்கள் என்றால் நெரிசல் தவிர்க்க முடியாது. 'முழு லோடு வரும்வரை காத்திரு' என்பதை எடுத்துவிட்டு அதிகபட்சக் காத்திருப்பை 45, 50 வினாடியாக்குங்கள்.

"சப்போர்ட் பார்த்தாலே கேம்னு தெரியுது"

அழகு கெடுவது பெரும்பாலும் இங்கேதான், நேரம் செலவழிக்க வேண்டியதும் இங்கேதான்.

நிஜத்தில் மரக் கோஸ்டரின் தாங்கல் என்பது வரிசையாக நிற்கும் சட்டகங்கள். ஒவ்வொரு சட்டகமும் ட்ராக்குக்குக் குறுக்காக நிற்கும்: இரண்டு தூண், அவற்றை இணைக்கும் படுக்கைச் சட்டங்கள், மூலைவிட்டமாக முட்டுக்கட்டை. சட்டகங்களுக்கு இடையே 3 மீட்டருக்குள் இடைவெளி. அப்புறம் ஒரு சட்டகத்தையும் அடுத்ததையும் நீளவாக்கில் சட்டங்களும் குறுக்குமறுக்கான முட்டுகளும் பிணைக்கும். கேமில் கையால் கட்டுகிறவர்கள் குறுக்குச் சட்டகத்தை அழகாகச் செய்துவிட்டு நீளவாக்கு முட்டை மறந்துவிடுவார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வெறும் கம்பங்கள் வரிசையாக நிற்கும், ஒரு தள்ளுக்கு விழுந்துவிடும் போலிருக்கும். மூன்று, நான்கு இடைவெளிக்கு ஒன்று என்ற கணக்கில் எக்ஸ் வடிவ முட்டு போட்டால் உடனே நம்பும்படி ஆகிவிடும்.

வளைவில் சட்டகங்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கக் கூடாது. வளைவின் மையத்தை நோக்கி விசிறி மாதிரி திரும்பி நிற்க வேண்டும். ரயில் வெளிப்பக்கம் தள்ளுவதால் வெளிப்பக்கத் தூணுக்குச் சாய்வான முட்டுத்தூண் கூடுதலாக வேண்டும், உயரம் கூடக்கூட அதன் அடி அகலும். 18 மீட்டர் உயர வளைவில் வெளிப்பக்க அடி 5, 6 மீட்டர் தள்ளிப் போனால் சரியாக இருக்கும். உள்பக்கத்துக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு போட்டால் கண்ணுக்கு ஏதோ இடறும், என்னவென்று சொல்லத் தெரியாது.

பாறைமேல் நிற்கிற கால்களைக் கவனியுங்கள். தானியங்கி சப்போர்ட் பாறைக்குள் அப்படியே புதைந்து போகும். நிஜத்தில் மரத்தூண் மண்ணையோ கல்லையோ தொடாது, கான்கிரீட் பாதத்தின்மேல் இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு நிற்கும். அரை மீட்டர் அகலமுள்ள ஒரு கான்கிரீட் கட்டையைச் செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தூணுக்கும் அடியில் நகல் போட்டால் முடிந்தது. சரிவில் ஒரே சட்டகத்தின் இரண்டு தூணும் வேறு வேறு நீளத்தில் இருக்கும். அதைச் சமப்படுத்தத் தரையை வெட்டாதீர்கள், படுக்கைச் சட்டங்கள் மட்டும் கிடைமட்டமாக இருந்தால் போதும். நீருக்குள் இறங்கும் தூண்களுக்கு கான்கிரீட் நீர்மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும்.

ட்ராக்கும் கவனிக்க வேண்டியதுதான். அடுக்கடுக்காகப் பலகை வைத்து ஆணியும் போல்ட்டும் அடித்துக் கட்டிய தடித்த உத்தரம் மாதிரி அது. மேலுள்ள அடுக்குகள் மட்டும் அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும், அந்த நீட்டலின் அடியில்தான் அடிச் சக்கரம் ஓடுகிறது. மேலே சக்கரம் படும் இடத்தில் பட்டை இரும்பு. லிஃப்ட் ஓரமும் பிரேக் ஓரமும் நடைபாதைப் பலகை, கைப்பிடி கட்டாயம். ஆட்கள் தினமும் நடந்து சோதிக்கும் ரைடு இது.

ட்ராக் தன் சப்போர்ட்டுக்குள்ளேயே புகுந்து போவது மரக் கோஸ்டரின் பெரிய சுகம், தலை இடித்துவிடுமோ என்ற பயம். ஆனால் உண்மையிலேயே இடிக்கக் கூடாது. ட்ராக் மட்டத்திலிருந்து மேலே 3 மீட்டர், நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 2 மீட்டர் காலியாக விட்டால் கை தூக்கினவருக்கும் போதும். இந்த அளவில் ஒரு பெட்டிச் சட்டம் செய்து சந்தேகமுள்ள இடங்களில் வைத்துப் பாருங்கள், எந்த முட்டு இடிக்கிறது என்று தெரிந்துவிடும். இடிக்கும் முட்டை எடுத்தால் மட்டும் போதாது, அந்தச் சுமையைப் பக்கத்துச் சட்டகத்துக்கு மாற்றும் ஒரு உத்தரம் போடுங்கள்.

"லிஃப்ட் பொய்யா தெரியுது"

சரிவு 45 பாகை, வேகம் மணிக்கு 25 கி.மீ. என்று வைத்திருப்பீர்கள். 22, 25 பாகைக்குக் குறையுங்கள், வேகத்தை வினாடிக்கு 2 அல்லது 2.5 மீட்டராக்குங்கள். 28 மீட்டர் உயரத்துக்கு 25 பாகையில் 66 மீட்டர் நீளச் செயின், ஏற அரை நிமிடம். முதல் இறக்கத்துக்கு 50, 55 பாகை போதும். தென்கொரியாவின் எவர்லாண்டில் உள்ள டி எக்ஸ்பிரஸ் 77 பாகை இறங்குகிறது என்பது உண்மை, ஆனால் அது முன்கூட்டியே துல்லியமாகத் தயாரித்த ட்ராக். தளத்தில் பலகை அறுத்துக் கட்டிய பழைய பாணிக்கு அது ஒட்டாது.

"ஓடுது, ஆனா யாரும் ஏற மாட்டேங்குறாங்க"

ஆர்சிடி 2 என்றால் தீவிரம் 10ஐத் தாண்டியிருக்கும். 10, 11, 12 என்று ஒவ்வொரு படியிலும் சுவாரசியம் கால்பங்கு வெட்டுப்படும். மேலே சொன்ன வளைவையும் பள்ளத்தையும் சரி செய்தாலே 8க்கு இறங்கும். தீவிரம் சரி, கூட்டம் மட்டும் இல்லை என்றால் டிக்கெட் விலை, வரிசைப் பாதை ஸ்டேஷனோடு ஒட்டவில்லை, இரண்டில் ஒன்று. ட்ராக்கை நடைபாதை மேலே, மாந்தோப்புக்குள்ளே, தன் அடியிலேயே புகுந்து போக விட்டால் சுவாரசியம் கூடும். இலவசமாகக் கிடைக்கும் மதிப்பெண் அது.

"சப்போர்ட் போட்டதும் கேம் இழுக்குது"

900 மீட்டருக்குக் கையால் கட்டினால் சட்டகங்கள் மட்டும் 300 வரும், ஒவ்வொன்றிலும் ஏழெட்டு சட்டம். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் அதைத் தாங்காது. பார்வையாளர் பாதையிலிருந்து தெரியும் முதல் இறக்கம், ஒரு வளைவு, ஸ்டேஷன் முகப்பு இவற்றுக்கு மட்டும் கையால் கட்டுங்கள், பாறைக்குப் பின்னால் தானியங்கி சப்போர்ட் போதும். போல்ட், தகடு எல்லாம் கிட்டப் போய்ப் பார்க்கும் இடத்தில் மட்டும். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி மாதிரி எளிய கணினிதான் கையில் இருக்கிறது என்றால் பிளானட் கோஸ்டரோடு மல்லுக்கட்டாமல் ஓப்பன்ஆர்சிடி2க்குப் போய்விடுங்கள். அதற்கு ஆர்சிடி 2 அல்லது ஆர்சிடி கிளாசிக்கின் அசல் கோப்புகள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சப்போர்ட்டை அங்கே கேமே போட்டுக்கொள்ளும். எந்த கேமானாலும் சட்டகம் கட்டும் நாட்களில் தானியங்கிச் சேமிப்பை 5 நிமிடத்துக்கு வையுங்கள், முடித்த துண்டைத் தனி புளூபிரிண்டாகவும் சேமியுங்கள். கோடையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.